கிடைக்காத ஊசி முனை

எங்கள் பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் அந்த லைனே நிற்கும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, பொருத்திப் பார்த்து, முழு ஊசியும் சேர்ந்தால்தான் ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஊசிகளுக்குப் பொறுப்பான நான் வேறு ஊசி தருவேன். எங்கோ ஒரு குழந்தையின் பனியனுக்குள் முனை போய்விடக் கூடாது என்பது விதி. நான் விதியை விடக் கொஞ்சம் அதிகம். காந்தத்தோடு தரையில் மண்டியிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன். வேலம்பாளையத்தில் என்னை ஊசிப் பைத்தியம் என்கிறார்கள். என் காதுக்கும் வந்திருக்கிறது. சொல்லிக்கொள்ளட்டும்.

முப்பது வருடங்களுக்கு முன்பு, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஓவர்லாக் டெய்லராக உட்கார்ந்த புதிதில், நான் வேறு விதமான பைத்தியம். குஸ்திப் பைத்தியம். பொருட்காட்சி மைதானத்தில் தகரம் அடைத்து, நடுவில் கயிறு கட்டிய மேடை போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சண்டை நடக்கும். ஆறு நாள் மிஷினில் குனிந்து கிடந்த கூட்டம் ஏழாம் நாள் அங்கே நிமிர்ந்து நின்றது. அந்தச் சத்தத்தை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. இன்றைக்குப் பையன்கள் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் குஸ்தி பார்க்கிறார்கள். ஒருவனாவது எழுந்து நின்று கத்த வேண்டுமே! "எல்லாம் நடிப்புண்ணே" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு நல்லவன், ஒரு கெட்டவன். நல்லவன் வெள்ளை உடையில் வந்து நாலு பக்கமும் கும்பிடுவான். கெட்டவன் மொட்டைத் தலை, கறுப்பு உடை. கடல் கடந்து வந்தவன், எந்த மொழியும் தெரியாது, கொலை மட்டும்தான் தெரியும் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. உறுமுவான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, காதருகே கையைக் குவித்து, இன்னும் திட்டு என்பது போல நிற்பான். கொங்குத் தமிழிலும் மதுரைத் தமிழிலும் என் ஊர்த் தமிழிலும் வசவு கொட்டும். சூப்பர்வைசரிடம் அந்த வாரம் வாங்கியதை எல்லாம் நான் வட்டியோடு அவன் தலையில் இறக்கினேன்.

கல், செருப்பு எறியக் கூடாது என்று மைக்கில் சொல்வார்கள். அதனால் நாங்கள் வேஸ்ட் துணி கொண்டுபோவோம். ஓவர்லாக் தைக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டு மிஷினுக்கு அடியில் பையில் விழும் துணுக்குகளை இறுக்கிப் பந்தாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து எறிவது. பட்டால் சப்பென்று சத்தம் வரும், காயம் வராது. நடத்துகிறவர்களும் கண்டுகொள்ளவில்லை. மற்ற கம்பெனிக்காரர்களின் பந்துகள் வெள்ளை. நான் கடைசியாகச் சண்டைக்குப் போன வாரம் எங்கள் கம்பெனியில் பச்சைத் துணி ஓடியது. கூட்டத்தில் என் பந்து மட்டும் பச்சை.

சண்டைக்கு முதல் நாள், சனிக்கிழமை, என் மிஷினில் ஊசி உடைந்தது. மேல் துண்டைக் கழற்றி எறிந்தேன். முனையைக் காணோம். அப்போதெல்லாம் அதை யாரும் தேடுவதில்லை. வேறு ஊசியை மாட்டிக்கொண்டு தைத்தேன். சாயங்காலம் அதே பையிலிருந்துதான் துணுக்குகளை அள்ளிப் பந்து கட்டினேன்.

மறுநாள் சண்டையில் கெட்டவன் எங்கள் பக்கம் திரும்பிக் காதருகே கையை வைத்தான். பின்னாலிருந்து நல்லவன் பாய்ந்து அவன் தலையைப் பிடித்து, நெற்றியில் கையை வைத்து அழுத்தினான். பந்துகள் மழையாக விழுந்தன. என் பச்சைப் பந்து அவன் இடது கண்ணில் போய்ப் பட்டதை நான் பார்த்தேன். முகமெல்லாம் ரத்தம். மைதானமே அதிர்ந்தது. யாரோ என்னைத் தோளில் தூக்கி மேடை விளிம்புவரை கொண்டுபோனார்கள். தலைகால் புரியாமல் கத்திக்கொண்டிருந்தேன்.

அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவரிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்க."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். நான் தோளிலிருந்து இறங்கிவிட்டேன். நல்லவன் சண்டையை மறந்து வாயைப் பிளந்து நின்றான். அடுத்த வாரம் மைதானத்தில் தகரம் இல்லை, சண்டையும் இல்லை.

அந்தக் குரல் என்னை விடவில்லை. மிஷின்கள் ஓடும்போது அடியில் கேட்கும். மதியம் மிஷின்கள் நின்ற பிறகும் கேட்கும். முனை பந்துக்குள் இருந்ததா, தரையில் எங்காவது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டே முப்பது வருடம் ஓட்டினேன். நான் கோழை.

போன மாதம் காதர்பேட்டையில் ஒரு பாய் கடையில் பனியன் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மலை போன்ற ஒரு பெரியவர், இருப்பதிலேயே பெரிய சைஸ் கேட்டார். நசுங்கிய காதுகள், கறுப்புக் கண்ணாடி. பாய் ஏதோ சொன்னது கேட்காமல் காதருகே கையைக் குவித்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நீங்க அந்தக் காலத்துல குஸ்தி…"

முகம் மலர்ந்துவிட்டது. டீக்கடைக்கு அவரே கூட்டிப்போனார். "நமக்கு வெள்ளகோவில் பக்கமுங்க. நீங்கெல்லாம் திட்டறது அத்தனையும் புரியும். சிரிப்பை அடக்கறதுதான் பெரும்பாடு. அந்த மாதிரிக் கூட்டம் இனி வருமுங்களா?"

கண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அவன் பண்ணுனதுங்க, அந்த நல்லவன். நெத்தியில கீறி ரத்தம் காட்டறதுக்கு வெரல் கட்டுக்குள்ள ஊசி மொனை வெச்சிருப்பான். அது எங்க வழக்கந்தான். அன்னைக்கு வேணும்னே கண்ணுல எறக்கிட்டான். ஒரே தட்டுல சோறு தின்னவங்க நாங்க. கால்ல உழுந்து சத்தியம் பண்ணுனான். நான் நம்பலீங்க. டாக்டரு மொனையை எடுத்துக் காட்டுனாரே. இத்துனூண்டு. மொனைகிட்டயே ஒரு ஓட்டை."

கையால் தைக்கும் ஊசிக்குத் துவாரம் மறுமுனையில் இருக்கும். முனையருகே துவாரம் உள்ளது மிஷின் ஊசி. அது அந்த நல்லவரின் ஊசி இல்லை, என்னுடையது.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கிழவர்களும் மறுபடி ஒரே தட்டில் சாப்பிடுவதை மனதில் பார்த்தேன். புண்ணியம் என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல். பச்சைப் பந்து, உடைந்த ஊசி, எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசியை எடுத்து நீட்டினேன். அவர் அதை வலது கண்ணருகே வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"அவரு எங்க இருக்காரு அண்ணாச்சி? நானே வந்து சொல்லுதேன்."

"அவன் போயி எட்டு மாசம் ஆச்சுங்க. கடைசியில என்னைப் பாக்கோணும்னு ஆள் உட்டான். நான் போகலீங்க."

அந்தப் பெரிய கை என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஊசியை டம்ளர் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

"இத்தனை வருசம் சொல்லாம இருந்தீங்க. இன்னைக்கு ஏனுங்க சொன்னீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காதருகே கையைக் குவித்தார். அன்றைக்கு அதே கைக்குத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அவர் கையை எடுக்காமல் காத்துக்கொண்டே இருந்தார்.