கண்ணாடி போட்டவர் கட்டிய ரோப்பு

என் வீட்டுக்காரர் மீன் சாப்பிடுவதை நிறுத்தியபோது, என் சமையலைத்தான் குற்றம் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கம். காட்டூரில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம். ஆற்று மீன் குழம்பு வைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கெண்டை வாங்கி, பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்தால், மனிதர் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு மீனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார். கேட்டால், "வயித்துக்கு ஒத்துக்கல" என்பார். அதே வயிறு பக்கத்துத் தெரு டீக்கடையின் எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது என்று அவர்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் மீனே வாங்கவில்லை.

பிறகு ஒருநாள் என்னவோ தோன்றி, ஒரு துண்டு மீனை முள் எடுத்து உதிர்த்து அவர் சோற்றோடு வைத்தேன். மூச்சு விடாமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றார். அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன். மனிதருக்கு முள் தெரியவில்லை. அப்புறம்தான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. வாரப் பத்திரிகையைக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடிப்பது, வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று தலையைப் பின்னால் சாய்ப்பது. அவருக்குச் சாளேசுரம், அதாவது வெள்ளெழுத்து, வந்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டினால் யாருக்கும் வருவதுதான். ஒரு கணக்குப்பிள்ளைக்கு வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவருடைய வேலை அப்படிப்பட்டதல்ல. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அவர் கம்பி ரோப்பு கட்டுகிறவர். பட்டறைகளில் பாரம் தூக்கும் ரோப்பு, லாரியில் மரம் கட்டி இழுக்கும் ரோப்பு என்று எல்லாவற்றையும் சரிசெய்வார். ஆனால் அந்த வருடங்களில் அவருக்கு அதிக வேலை கிணறுகளில்தான் இருந்தது. மருங்காபுரிப் பக்கமெல்லாம் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஜனங்கள் பாறையை வேட்டு வைத்து உடைத்து, கிணற்றை இன்னும் ஆழப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். கிணற்று மேட்டில் ஒரு கிரேன் நிற்கும். எஞ்சின் ஓடும். கம்பி ரோப்பின் நுனியில் ஓர் இரும்புத் தொட்டி தொங்கும். கல் மேலே வருவதும் அதில்தான், ஆள் கீழே போவதும் அதில்தான்.

கம்பி ரோப்பு என்றால் ஒரே கம்பி என்று கல்யாணம் ஆகும்வரை நானும் நினைத்திருந்தேன். நடுவில் சணல் கயிறு ஒன்று இருக்கும். அதைச் சுற்றி ஆறு புரிகள். ஒவ்வொரு புரியும் நூல் போன்ற கம்பிகள் பல சேர்ந்து முறுக்கியது. ரோப்பு ஒரே நாளில் அறுந்துவிடாது. முதலில் ஒரு புரியில் ஒரு சின்னக் கம்பி அறுந்து வெளியே துருத்தும். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதிகம் அடிபடுவது தொட்டியை மாட்டும் நுனிப் பக்கம்தான். இவர் அந்தக் கெட்ட துண்டை வெட்டி எறிவார். மிச்ச ரோப்பின் நுனியை வளைத்து ஒரு வளையம் செய்வார். நுனியின் ஆறு புரிகளையும் பிரித்து, ரோப்பின் உடம்பைக் குத்தூசியால் நெம்பி, ஒவ்வொரு புரியையும் ஒவ்வோர் இடுக்கு வழியாகச் செருகிச் செருகி இறுக்குவார். ஓர் இடுக்கில் ஒரு புரிதான் வெளியே வர வேண்டும். கடைசியில் பழைய பருத்தித் துணியை எடுத்து ரோப்பின்மேல் உருவுவார். எங்கேயாவது கம்பி துருத்தியிருந்தால் துணி அங்கே மாட்டிக்கொள்ளும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரோப்பை யார் கட்டினாரோ, அவர்தான் அந்தத் தொட்டியில் முதலில் ஏறிக் கீழே போய்விட்டு வர வேண்டும். அவர் வந்த பிறகுதான் கிணற்று ஆட்கள் ஏறுவார்கள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் புருஷன் கட்டினது, அவரே ஏறுகிறார், இதைவிட வேறு என்ன வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் அம்மாவிடம் போய் அளந்தேன். முள் தெரியாத கண் என்று தெரிந்த பிறகு அந்தப் பெருமையெல்லாம் எங்கே போனதோ!

புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டுதான். டாக்டர், "வெறும் சாளேசுரம்தாம்மா, கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்" என்று எழுதிக்கொடுத்தார். கண்ணாடியும் வந்தது. இவர் அதைப் பெட்டியோடு வாங்கி அலமாரிக்குள் வைத்தார். அங்கேயே இருந்தது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"அதென்ன, கொலுவுக்கு வாங்கினதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

"எனக்குத் தெரியாததை நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். "கண்ணாடி போட்டவன் கட்டின ரோப்புல எவன்டி எறங்குவான்? கண்ணு போனவன்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க. அப்புறம் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"கண்ணாடி போடாம கட்டினா மட்டும் எறங்கலாமாக்கும்!"

"எனக்குக் கையே கண்ணு. விரல் சொல்லும்."

அந்த விரல்களை எனக்குத் தெரியாதா? கம்பி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல்கள் அவை. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவார். அந்த விரல் என்னத்தைச் சொல்லும்? கத்தினேன், அழுதேன், ஒருநாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். என்னால் முடிந்த மிகப் பெரிய தண்டனை அதுதான். அவர் பிடிவாதம் அசையவில்லை.

ஆகவே அடுத்த முறை மருங்காபுரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனதும், "நானும் வரேன்" என்றேன்.

"வெட்டுக் கிணத்துல உனக்கு என்ன வேலை?"

"வேலை இல்ல. சும்மா வரேன். ஏன், நான் பஸ்ல ஏறக்கூடாதா?"

கண்ணாடிப் பெட்டியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். மணப்பாறை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் வெட்டுப்பாறை. அடியில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. மேலே கிணற்று மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் ரோப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். பாறைக்கு வேட்டு வைப்பதும் அவர்தான். "என்னண்ணே, வீட்லயும் கூட்டியாந்துட்டீங்க, கோயிலுக்குப் போறாப்புல?" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். கெட்ட துண்டை வெட்டினார், புரிகளைப் பிரித்தார், வளைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கை ஓடுவதைப் பார்த்தால் கண்ணில் குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பூக்கட்டிப் பழகிய வீட்டில் பிறந்தவள் நான். ஒரு முடிச்சு தப்பினால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும். முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது சுற்றில் மரத்தின் நிழல் நகர்ந்து வெயில் ரோப்பின்மேல் விழுந்தது. கிரீஸ் தடவிய கம்பி பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது. இவர் கண்ணை இடுக்கிக்கொண்டு குத்தூசியைச் செருகினார். அங்கேதான் தப்பியது. ஒரே இடுக்கில் இரண்டு புரி வெளியே வந்தது. பக்கத்து இடுக்கு காலியாக இருந்தது.

கவனிப்பார், பிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அதன்மேலேயே அடுத்த சுற்றைப் போட்டு இறுக்கினார். சுத்தியலால் தட்டினார். துணியை எடுத்து உருவினார். அது எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மாட்டுவதற்கு அங்கே அறுந்த கம்பி எதுவும் இல்லையே! புரி இடம் மாறினதைத் துணி எப்படிச் சொல்லும்? அப்படிக் கட்டின ரோப்பு உடனே விட்டுவிடாது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். பாரம் ஏற ஏற மெல்ல நழுவும். பாதிக் கிணற்றில் நழுவினாலும் நழுவும், பத்தாவது ஆள் போகும்போது நழுவினாலும் நழுவும்.

தொட்டியை மாட்டினார்கள். கிரேன்காரர் எஞ்சினைக் கிளப்பினார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் கால் வைத்தார்.

வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அப்போது வாய் வரவில்லை. தப்பாகக் கட்டியிருக்கிறார் என்று அத்தனை பேர் முன்னால் நான் கத்தினால், அந்த நிமிஷத்தோடு அவர் பிழைப்பு போய்விடும். கத்தாவிட்டால் மனுஷனே போய்விடுவார். கால் தானாக ஓடியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்க" என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். "அக்கா பயப்படுது பாரு" என்றான் ஒருவன். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கையை எடு, என்ன வெளையாட்டு இது?" என்றார்.

"அப்ப நானும் ஏறுறேன்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தொட்டிக்குள் போட்டேன். வேடிக்கைக்கு இல்லை. போனால் சேர்ந்தே போவோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தூரத்தில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ! மெல்லக் கீழே இறங்கினார். ரோப்பைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் சுற்றிலும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். காலி இடுக்கின்மேல் விரல் வந்ததும் நின்றுவிட்டது. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி என்னிடம் சொன்னார். "அந்தக் கண்ணாடியைக் குடு."

கொடுத்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய், கட்டினதையெல்லாம் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். ஒரு பீடிகூட யாரும் பற்ற வைக்கவில்லை. புதுக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வரும். புறங்கையால் தள்ளிக்கொள்வார். கன்னத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. முடிந்ததும் துணியால் உருவினார், தொட்டியை மாட்டச் சொன்னார், ஏறிக் கீழே போனார். மேலே வந்தார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"எறங்கலாம்" என்றார்.

யாரும் நகரவில்லை. இவர் எதற்குப் பயந்தாரோ அதுவே கண் முன்னால் நடந்தது. ஆட்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி நிதானமாக எழுந்து வந்து, இவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டார். ரோப்பைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அட, கம்பி ஒண்ணொண்ணாத் தெரியுதே!" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் வேட்டுக்குத் திரி சொருகினேன்?" என்று முணுமுணுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணாடியை இவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதானே? இப்ப பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"எறங்கலாமா?"

இவர் கட்டி முடித்ததை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவரை என் புருஷன் உயிர் ஒன்றுதான் என் கணக்கில் இருந்தது. இப்போது மேஸ்திரிக்கும் ஒரு வீடு இருக்கும், எதிரில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் ஒருத்தி காத்திருப்பாள் என்பது சட்டென்று உறைத்தது. "இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ரோப்பைப் பிடித்தேன். ஒவ்வோர் இடுக்காக விரல் வைத்துச் சுற்றி வந்தேன். இன்னொரு தரமும் வந்தேன். மேஸ்திரி அவசரப்படுத்தவில்லை.

"எறங்குங்கண்ணே" என்றேன்.

மேஸ்திரி ஏறினார். கூட இருவர் ஏறினார்கள். எஞ்சின் சத்தம் மாறியது. தொட்டி விளிம்பைத் தாண்டிக் கீழே போக, ரோப்பு விறைத்துக்கொண்டு ஓடியது. கீழே போகிற அந்தக் கட்டின்மேலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. இவர் என் பக்கத்தில் நின்று அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்காருகிற மனிதரை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கடைசி ஆள் மேல வர்ற வரைக்கும்" என்றார்.

சாயங்காலம் கடைசி ஆள் மேலே வரும்வரை இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.