இரண்டாவது சென்சர் சொன்னது

என் மனைவியின் தம்பி ஒரு கலியாணத்துக்கென்று என் காரை இரவல் வாங்கிப்போய், கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தான். இப்படியொரு மச்சான் யாருக்குக் கிடைக்கும் என்று கனகராயன்குளம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அடுத்த கிழமை புளியங்குளம் தாண்டும்போது எஞ்சின் லைற் எரிந்தது.

கராஜ்காரர் காரின் கொம்பியூட்டரில் கருவியொன்றைக் கொழுவிப் பார்த்தார்.

"புகையைச் சுத்தமாக்கிற கொன்வேட்டருக்கு முன்னால ஒரு சென்சர், பின்னால ஒரு சென்சர். முன்னுக்கு இருக்கிறது ஏறி இறங்கும். பின்னுக்கு இருக்கிறது ஆடாமல் நிக்கவேணும். உங்கட காரில ரெண்டும் ஒரே மாதிரி ஆடுது. நடுவில ஒண்டும் இல்லைப்போல, அண்ணை."

காரைத் தூக்கிப் பார்த்தோம். கொன்வேட்டர் இருந்த இடத்தில் புதிதாக வெல்டிங் செய்த வெறும் குழாய் இருந்தது.

மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவன் பதறவே இல்லை.

"ஓம் அத்தான், நான்தான் கழட்டி வித்தனான். அதுக்குள்ள இருக்கிற உலோகத்துக்கு நல்ல விலை. கொம்பியூட்டருக்குத் தெரியாமல் செய்து தாறன் எண்டுதான் வெல்டிங்காரன் காசு வாங்கினவன். என்னை ஏமாத்திப்போட்டான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"பாவம் என்ர தம்பி. எல்லாரும் அவனைத்தான் ஏமாத்துறாங்கள்."

இப்போதெல்லாம் நான் காரின் கொம்பியூட்டரை மட்டுமே நம்புகிறேன். அதற்குத் தம்பி இல்லை.