வேலிக்கரைக் கோப்பி

எங்கள் வளவில் கோப்பி மரங்கள் ஏழு நின்றன. ஏழும் கிணற்றடியில், வாழைகளின் நிழலில், குளிக்கிற தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. எட்டாவது ஒன்று தானாக முளைத்தது. அணிலோ காகமோ போட்ட விதை. அதற்கு முளைக்க வேறு இடம் கிடைக்கவில்லை. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த தென்னோலைக் கிடுகு வேலிக்கடியில் முளைத்துத் தொலைத்தது.

சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் ஊர். அப்பா நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவும் நானும் வெங்காயத் தோட்டத்தை வைத்துச் சீவித்தோம். கோப்பி அம்மாவின் ஆசைக்கு. யூரியா தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே அவள் அதைத் தொடமாட்டாள். பூவரசங்குழை, ஆட்டெரு, சாம்பல், அழுகின வாழைத்தண்டு எல்லாவற்றையும் கிடங்கில் போட்டு மண்ணால் மூடி வைப்பாள். நடுவது வளர்பிறையில், கொப்பு வெட்டுவது தேய்பிறையில். நான் பகிடி பண்ணுவேன். பிறகு போர் மூண்டு, அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்து யூரியாவும் மண்ணெண்ணெயும் ஊருக்குள் வராமல் போனபோது, அயலில் தோட்டம் செய்கிற ஆம்பிளைகளே அம்மாவின் கிடங்கைப் பார்த்துப் படிக்க வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பழம் பிடுங்குவதிலும் அவள் பிடிவாதக்காரி. நன்றாகச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அரைப்பழத்தில் கை பட்டால் எனக்குப் பேச்சு விழும். காயவைத்து, உரலில் குற்றிக் கோது நீக்கி, தாச்சியில் மல்லியோடு வறுப்பாள். எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க மணக்கும்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்கள்தான் கோப்பி கொண்டுபோக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் யார் செத்தாலும் முதல் கோப்பிக் கேத்தில் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அம்மா அந்த உரிமையை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வேலிக்கரை மரம் காய்க்கத் தொடங்கியதும் சண்டையும் தொடங்கியது. பக்கத்து வீட்டு மாமி, "அடிமரம் எங்கடை பக்கம்" என்றாள்.

"எரு என்ரை" என்றாள் அம்மா.

இரண்டுமே உண்மை. அதனால்தான் தீரவில்லை. இரண்டு வருடம் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மார்கழியில் மாமி வேலிக்கு மேலால் கையை விட்டு, கொப்பை வளைத்து, பழமும் காயுமாக உருவிக்கொண்டு நின்றாள். அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற பழம்! நான் போய்க் கத்தினேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குமரை வீட்டிலை வைச்சுக்கொண்டு மரத்துக்குக் காவல் நிக்கினம்."

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பேசிவந்த சம்பந்தம் நாலும் குழம்பிப்போயிருந்தது. மாமி சொன்னது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அன்று நான் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழியவில்லை, மாமியின் புருசன் நெஞ்சுவலியில் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. விடியக் குழறல் கேட்டதும் அம்மா எழும்பி அடுப்பை மூட்டினாள். முந்தின கிழமை கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுக்குக் காலில் கட்டு. கேத்திலை என்னிடம் நீட்டினாள்.

"நான் போகமாட்டன்."

"சண்டையைப் பிறகு பிடிக்கலாம். ஆறமுன்னம் கொண்டு போ, பிள்ளை."

கொண்டுபோனேன். வேலி மூலை வரைக்கும் போனேன். பிறகு கேத்திலைச் சரித்து, அந்த எட்டாவது மரத்தின் அடியில் முழுவதையும் ஊற்றினேன். மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

"குடிச்சவையே?"

"ஓம்."

"மாமி என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அம்மாவுக்கு அது பெரிய மனவருத்தமாகப் போய்விட்டது. கோப்பி கொடுத்தனுப்பியும் அந்த மனுசி ஒரு வார்த்தை கதைக்கவில்லையே என்று நாலு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். வாய் வராது.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, ஊரோடு ஊராக நாங்களும் மழைக்குள் நடந்து சாவகச்சேரிக்குப் போனோம். யாரோ ஒருவருடைய தென்னங்காணியில், ஓலைக் கொட்டிலில் இடம் கிடைத்தது. அங்கே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. காணி உறுதியையும் உடுப்பையும் எடுத்து வந்த நான், கோப்பித்தூள் போத்தலை அடுப்படித் தட்டிலேயே விட்டு வந்திருந்தேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. "எங்கடை கோப்பி ஒரு வாய் குடிச்சா எழும்பீடுவன்" என்று மட்டும் சொன்னாள். சந்தையெல்லாம் அலைந்து தேயிலைத் தூள்தான் வாங்கிவந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை அம்மா போய்விட்டாள்.

காணிக்காரர் பாய் தந்தார். சுற்றியிருந்த கொட்டில்களில் எல்லோரும் எங்களைப் போல வந்து விழுந்த சனம். ஒருவரையொருவர் தெரியாது. எங்களுக்கு யார் அயல்? நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். மத்தியானத்துக்குச் சற்று முன்னர், சேற்றுக்காலோடு மாமி வந்தாள். இடம்பெயர்ந்து பக்கத்து ஊர் மட்டுவிலில் இருக்கிறாளாம். சந்தைக்குப் போனவர்கள் சொல்லித்தான் தெரியுமாம். கையில் சுடுதண்ணிப் போத்தல்.

அம்மாவின் காலடியில் இருந்து அழுதாள். பிறகு போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றினாள். மல்லியும் கோப்பியும் மணத்தன.

"வேலிக்கரை மரத்தின்ரை. ஊரை விட்டு வெளிக்கிடேக்கை கையிலை அகப்பட்டது."

எனக்குப் பொறுக்கமுடியவில்லை. "மாமி, மாமா செத்த அண்டைக்கு அம்மா தந்துவிட்ட கோப்பியை நான்…"

"தெரியும் பிள்ளை. வேலிக்கு அங்காலை எங்கடை கிணத்தடியிலை நிண்டனான். நீ ஊத்தினதைக் கண்டனான்."

நான் தலையைக் குனிந்தேன்.

"கொம்மா அனுப்பினவ எண்டு மணத்திலையே தெரிஞ்சது. நான் வந்து ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம். கதைச்சா உன்னைக் காட்டிக்குடுக்கவேண்டி வரும் எண்டு விட்டிட்டன்." மூடியை என் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "குடி, ஆறப்போகுது."

காய் கலந்த கோப்பி. நாக்கில் கயர்த்தது. அம்மா என்றால் துப்பியிருப்பாள். அவள் நாலு வருடம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த மனுசி பக்கத்தில் இருக்க, அவள் கேட்ட கோப்பியை, அவளுக்குப் பதிலாக நான் குடித்து முடித்தேன்.