கஸ்தோன் வண்டியின் கார்ப்பரேட்டர்

“இவன் கையை மட்டும் என் கார்ப்பரேட்டர்ல வைக்க விடாதீங்கடா.”

கஸ்தோன் இதைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. மெக்கானிக் பெசுவாவுக்கு ஆறவில்லை. தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் சரி போகிறான் என்று விட்டிருப்பான். டாக்ஸி ஸ்டாண்டில், அத்தனை டிரைவர்களும் அரிசிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு காப்பி குடிக்கிற நேரத்தில் சொன்னான். முந்தின நாள்தான் பெசுவா அந்தக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தான். மறுநாளே கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, இன்ஜினை அணைத்து மேட்டுத்தெருவிலிருந்து உருண்டு இறங்கிய வண்டி, அடிவாரத்தில் பெட்ரோலைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பெண்ணின் வெள்ளைச் செருப்பு சேற்றில் போயிற்று. பழி பெசுவா தலையில் விழுந்தது.

அதற்கப்புறமும் பிரேக், கிளச், சைலன்சர் என்று எல்லாவற்றுக்கும் கஸ்தோன் அவனிடம்தான் வந்தான். கார்ப்பரேட்டருக்கு மட்டும், “இசுத்ரிப் பேட்டைப் பக்கம் ஒருத்தர் இருக்காரு, அவருகிட்டக் காமிச்சுக்கறேன்” என்பான். யார் அந்த ஆள் என்று பெசுவா கேட்டதே இல்லை. கேட்பது கௌரவக் குறைச்சல்.

கஸ்தோன் வடக்கே நெல்வயல் பக்கத்து ஊர்க்காரன். தலைநகர் தானாவுக்கு வந்த புதிதில் சந்தையில் மூட்டை தூக்கினான். ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடமிருந்து அந்தப் பழைய கத்ரெல் காரை வாங்கி, பால் நிறத்தில் பெயின்ட் அடித்து டாக்ஸியாக்கினான். சாகிற வரைக்கும் அதே வண்டிதான். வண்டியின் டேங்க் துருப்பிடித்துப் போனதும், இங்கே பாதிப் பேர் செய்கிற மாதிரி, ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி உள்ளே கண்ணாடி ஓரம் கொக்கியில் மாட்டி, டியூப் வழியாக நேரே கார்ப்பரேட்டருக்கு விட்டுக்கொண்டான். பன்றிக்கறி வைத்திருக்கிறவர்களைச் சவாரி ஏற்ற மாட்டான், அவன் குடும்பத்துக்கு ஆகாது. நிறையப் பேசுவான், பொய்யும் பேசுவான். இறக்கம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பான். அதை எல்லா டிரைவரும் செய்கிறதுதான். ஆனால் அரண்மனை மேட்டிலிருந்து அனலாகேலி சந்தை வரைக்கும் ஒரு சொட்டு எரிக்காமல், ஒரு இடத்திலும் நிற்காமல் உருட்டிக்கொண்டு வர அவன் ஒருத்தனால்தான் முடிந்தது.

கஸ்தோன் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெசுவா ஒருமுறை போய்ப் பார்த்தான். பழைய பேச்சை எடுப்பான் என்று பார்த்தால் எடுக்கவில்லை. “என்னை ஊருக்குக் கொண்டுபோறப்ப என் வண்டியிலயே கொண்டுபோங்க. நீ ஓட்டு. நைவு வேணாம், அவன் பள்ளம் பார்த்து ஓட்ட மாட்டான்” என்றான். நைவு அதே ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர். கஸ்தோன் இன்னொன்றும் கேட்டான். பெசுவா தலையாட்டிவிட்டு வந்தான். அதற்கடுத்த வாரம் கஸ்தோன் செத்துப்போனான்.

எடுக்கிற நாள் காலையில் அவன் பெண்டாட்டி லலாவ், பெசுவாவின் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, வண்டி கிளம்ப மாட்டேங்குது. நைவு முக்கி முக்கிப் பார்த்துட்டாரு. ஒரே பெட்ரோல் நாத்தம்.”

“வேன் பிடிச்சிடலாமில்ல?”

“அவரு கேட்டது இந்த வண்டியை.” அவள் குரலில் ஒன்றுமே இல்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். “வழியில நிக்கவும் கூடாது. உங்களுக்குத் தெரியுமில்ல.”

தெரியும். அந்தக் குடும்பத்துக்கு அது ஃபாடி, முன்னோர் வைத்த விலக்கு. கல்லறைக்குப் போகிற உடம்பு வழியில் நிற்கக் கூடாது. நின்றால் வீட்டிலிருந்து இன்னொரு ஆளைக் கூட்டிக்கொள்ளாமல் கிளம்பாது என்று பயப்படுகிறவர்கள். அதை நம்பாத மருமகன்கள்கூட அந்த வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பெசுவா தகர டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தான். நண்பன் செத்தால் நெஞ்சு கனக்கும் என்பார்கள். அவனுக்கு ஒன்றும் கனக்கவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

வீடு படிக்கட்டுச் சந்துக்கு மேலே. வண்டி கீழே நின்றது. மாடியில் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நைவு பானெட்டில் சாய்ந்து நின்றான்.

“வாடா டாக்டர். செத்தவனை விட்டுட்டு அவன் வண்டிக்கு வைத்தியம் பார்க்க வந்தியா?”

“நீ எவ்வளவு நேரம் ஸ்டார்ட்டரை இழுத்தே?”

“பேட்டரி அழற வரைக்கும்.”

“அதான் பிளக்கையெல்லாம் பெட்ரோல்ல குளிப்பாட்டி வச்சிருக்கே. நகரு.”

பிளக்குகளைக் கழற்றினான். எல்லாம் கறுத்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. துடைத்துக் காயவைத்து மாட்டி, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு இழுத்தான். வண்டி இருமியது, கறுப்பாகப் புகை விட்டு ஓடியது, கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்து நின்றது. கார்ப்பரேட்டரின் வெளிப்பக்கமெல்லாம் பெட்ரோல் வழிந்தது.

மேல்மூடியின் ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது. இத்தனை வருஷத்துக்கப்புறம் இப்போதுதான் தொடுகிறான்.

“என்ன பார்க்கறே?” என்றான் நைவு. “அவன் எழுந்து வந்து கையைத் தட்டிவிட மாட்டான்.”

பெசுவா ஸ்க்ரூவைத் திருகினான். மூடியைத் திறந்தான். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. முதலில் ஊசி வால்வைச் சந்தேகப்பட்டான். அதில் ஒரு துளி அழுக்கு உட்கார்ந்தாலே போதும், பெட்ரோல் அடைபடாமல் வந்துகொண்டே இருக்கும். கழுவி, ஊசியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்து ஊதினான். காற்று போகவில்லை. ஊசி நல்லது. பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டினான். உள்ளே தளும்பும் சத்தம் இல்லை. லலாவிடம் வெந்நீர் கேட்டு வாங்கி அதில் அமுக்கினான். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வரவில்லை.

அப்புறம்தான் அடிப்பக்கம் பார்த்தான். பழைய ஓட்டை ஒன்றை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். கொஞ்சமா ஈயம்? சுவரில் சாணி அப்பின மாதிரி அப்பியிருந்தது. டப்பாவிலிருந்து இன்னொரு மிதவையை எடுத்து, இரண்டையும் பெட்ரோல் ஊற்றிய தட்டில் விட்டான். அவனுடையது மேலே மிதந்தது. கஸ்தோனுடையது பாதிக்கு மேல் முழுகிக் கிடந்தது. இவ்வளவு கனமான மிதவை எப்போது மேலே வந்து ஊசியை அடைக்கும்? அதற்குள் கிண்ணம் வழிந்துவிடும்.

“இதுதான் இசுத்ரி மெக்கானிக் செஞ்ச வேலை போல” என்றான்.

லலாவ் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றாள். “எந்த இசுத்ரி மெக்கானிக்?”

“கார்ப்பரேட்டருக்கு அவன்கிட்டத்தானே போவான்.”

“அவரு யாருகிட்டயும் போனதில்லையே. இதோ இந்தப் படியில உக்காந்து அவரே ஈயத்தை உருக்கி ஊதிப் பத்தவச்சாரு. என் கரண்டி ஒண்ணு கருகிப்போச்சு. ஏன் பெசுவாண்ணன்கிட்டக் குடுக்கலாமேன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னாரு.”

நைவு எங்கேயோ பார்த்தான். மாடியில் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள்.

பெசுவா தட்டிலிருந்த மிதவையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. இத்தனை வருஷமாக அவன் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த இசுத்ரிக்காரன் என்று ஒருத்தன் உலகத்திலேயே இல்லை. அது மட்டும் புரிந்தது.

“அப்ப ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் எப்படி ஓடுச்சு?” என்றான் கடைசியில்.

“பாட்டில் டியூப்புல ஒரு கிளிப் மாட்டியிருப்பாரு. துணிக்குப் போடற மரக் கிளிப். வண்டி ஓடறப்ப லேசா நெரிக்கிற மாதிரி, இறக்கத்துல அணைக்கறப்ப நல்லா இறுக்கி. இல்லேன்னா இன்ஜின் அணைஞ்சும் பெட்ரோல் இறங்கி வழிஞ்சிடும்பாரு.”

“அது எங்க?”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “ஆஸ்பத்திரித் துண்டைக் காயப்போடக் கிளிப் பத்தலை. நான்தான் எடுத்தேன்.”

நைவு வாயைத் திறந்தான். பெசுவா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“கிளிப் மேல தப்பில்லம்மா, மிதவை கனம்” என்றான் பெசுவா. தன் மிதவையை மாட்டி, ஊசி அடைகிற மட்டத்தைச் சரிபார்த்து மூடியை இறுக்கினான். ஸ்டார்ட்டரை இழுத்ததும் பிடித்தது. கறுப்புப் புகை வந்தது, அப்புறம் சாம்பல், அப்புறம் ஒன்றுமில்லை. நெடுநேரம் ஓடவிட்டான். ஒரு சொட்டு வழியவில்லை. கஸ்தோனின் மிதவையைத் துடைத்து டப்பாவில் போட்டான். ஈயத்தைச் சுரண்டினால் வேறு ஏதாவது வண்டிக்கு ஆகும்.

சாவு வீட்டு வழக்கப்படி கொழுப்பு மிதக்கிற சோறும் மாட்டுக்கறியும் கொடுத்தார்கள். தின்றான். உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

மத்தியானம் பெட்டியை இறக்கி, வண்டிக் கூரைக் கம்பிகளின்மேல் பாய் விரித்துக் கட்டினார்கள். லலாவ் முன்னால் உட்கார்ந்தாள். நைவு பின்னால். மற்ற டாக்ஸிகள் வரிசையாகத் தொடர்ந்தன. மேட்டுத்தெருவைப் பெசுவா இரண்டாம் கியரில் ஏற்றினான். வண்டி முனகியது, நிற்கவில்லை. உச்சிக்கு வந்ததும் கீழே நகரம் முழுக்கத் தெரிந்தது. அந்தப் பக்கம் நீளமான இறக்கம், அன்று கல்யாணப் பெண்ணோடு வண்டி உருண்டுபோய் நின்ற அதே இறக்கம். பின்னால் வந்த டாக்ஸிகள் வழக்கம்போல ஒவ்வொன்றாக இன்ஜினை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உருண்டன.

பெசுவாவின் கையும் தானாகச் சாவிக்குப் போயிற்று.

“அண்ணே” என்றாள் லலாவ்.

கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கஸ்தோன் கடைசியாகக் கேட்டது அதுதான்.

“அந்த இறக்கத்துல மட்டும் அணைச்சிடாதடா. ஓடட்டும்.”