எடுக்கிறார், குடிப்பதில்லை

அந்த டொக்டர் ஒல்லியானவர், கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். எழுதும் ஒவ்வொரு வரியையும் நோயாளிக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அதனால் அவருடைய கிளினிக்கில் வரிசை நகரவே நகராது. ஊருக்குப் போகும் மாம்புரி பஸ்ஸைத் தவறவிடப்போகிற அவதியில், வாப்பாவைக் கூட்டி வந்திருந்த நானும் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"பிரஷர் மருந்து எடுக்கிறீங்களா?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

"ஓம், மாசாமாசம் கிளினிக்ல வந்து எடுக்குறேன்."

எழுதப்போன பேனா நின்றது. "எடுக்கிறது சரி. குடிக்கிறீங்களா?"

வாப்பா என்னைப் பார்த்தார். "குடிச்சா உப்பளத்து வெயில்ல தல சுத்துது. அலுமாரில கிடக்கு."

"குடிக்கிறாருண்டே எழுதுங்க டொக்டர். இனிமே நான் பாத்துக்குறேன்," என்றேன்.

"அப்படி எழுதினா, பிரஷர் இறங்கல்லண்டு அடுத்த டொக்டர் மருந்தக் கூட்டுவாரு. அத இவர் ஒரு நாள் குடிச்சிட்டா?"

எழுதிவிட்டுச் சொன்னார்: "மருந்து எடுக்கிறார், குடிப்பதில்லை." தலை சுற்றாத மருந்தாகக் குளிசையையும் மாற்றிக் கொடுத்தார். பஸ் போய்விட்டிருந்தது.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதிருப்பவரும் "எடுக்கிறீங்களா?" என்றுதான் கேட்கிறார்; "குடிக்கிறீங்களா?" என்று கேட்பதில்லை. "எடுக்குறேன்" என்கிறார் வாப்பா. நான் வாய் திறப்பதற்குள் பேனா ஓடி முடிந்துவிடுகிறது. வரிசை வேகமாக நகர்கிறது, பஸ்ஸும் கிடைத்துவிடுகிறது. பஸ்ஸில்தான் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.