தவக்காலத்தில் மரிய ஜோசப் கூட்டிய இரண்டு நாட்கள்

கடலூர் முதுநகரில் சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு நாங்கள் சங்கம் கட்டிய நாட்களில், சங்க ஆபீசின் பின்னறையை உடற்பயிற்சிக் கூடமாக விட்டிருந்தோம். அங்கே வாரம் மூன்று நாள் எடை தூக்கியவர் மூட்டைத் தொழிலாளி மரிய ஜோசப். ஈஸ்டர் முடிந்ததும் அண்ணாமலை நகரில் போட்டி. நூற்றெழுபது கிலோ வரை தூக்கியிருந்தார். போட்டியில் நூற்றெண்பது தூக்கிவிட வேண்டும் என்ற வெறி.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பிறந்தது. ஒரு வேளைச் சாப்பாடு என்று விரதம் பிடித்தார். அதோடு நிற்காமல், உடலை வருத்தும் ஒறுத்தலாக இன்னும் இரண்டு நாள் பயிற்சியையும் கூட்டினார். மூன்றாவது வாரம் நூற்றைம்பதே தரையை விட்டு எழவில்லை.

கூட்டாளி இளவரசு கடுப்பாகிவிட்டான். "பகலெல்லாம் மூட்டை தூக்குற, பட்டினியும் கெடக்குற. இதுல ரெண்டு நாள் ஜாஸ்தியா? ஒடம்பா மச்சான், இல்ல லாரியா?"

"ஆண்டவருக்கு நேந்துக்கிட்டேன்டா."

டிபன் டப்பாவோடு வந்த அவர் மனைவி ஜோதி மேரி விடவில்லை. "ஆண்டவரு முதுக ஒடிச்சிக்கச் சொன்னாரா? வெள்ளிக்கெழம மட்டும் வெரதம் இருங்க. அன்னிக்குக் கம்பியத் தொடாதீங்க."

சர்ச்சின் பங்குச் சாமியாரும் அதையே சொன்ன பிறகுதான் அடங்கினார். கூட்டிய நாட்களில் ஒன்றை விட்டார். மற்றதில் பாதி எடை, அரை மணி நேரம். களைப்பு தட்டும் முன்பே நிறுத்திவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் விரதம்; மற்ற நாட்களில் வயிறாரச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

போட்டியில் நூற்றெண்பது எழுந்தது. "போதும், கீழ வையிங்க!" என்று கூட்டத்திலிருந்து ஜோதி மேரி கத்தினார். நடுவர் கை காட்டும்வரை மனிதர் வைக்கவில்லை. முதுகு நிமிர்ந்து, மனைவியைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.