செல்லசாமி திரும்பி வந்ததற்கு நிரையில் சொன்ன காரணங்கள்

நாகலெட்சுமிக்கு வயது நாற்பத்தேழு. கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். பார்ப்பதற்கு ஒரு விசேஷமும் இல்லை. முன்பல் ஒன்று பாதி உடைந்தது. நடையில் கொஞ்சம் சாய்வு. ஆனால் கொரியா நாடகத்தில் யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்று அவளைப் போலச் சொல்ல இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

தமிழில் பேச வைத்த அந்த நாடகங்களை லோஜினிதான் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். லோஜினி எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. வேலை விட்டு வந்து குளித்த பிறகு நாலைந்து பேர் நாகலெட்சுமியின் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து ஒரு எபிசோட் பார்ப்போம். இரண்டாவதை அவள் போட விடமாட்டாள். மறுநாள் மலையில் பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே.

மலையில் கங்காணி ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுப்பார். பக்கத்து நிரைக்காரியோடு வாய் பேசலாம், கை நிற்கக் கூடாது. நான் தோட்டக் கணக்கில் பெயரை வெட்டிக்கொண்டு ஓய்வெடுத்தவள். ஆனாலும் ஆள் பற்றாத நாளில் கூப்பிடுகிறார்கள், போகிறேன். புருஷன் செத்துப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து சுவரோடா பேசுவது?

நிரையில் நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். அடுத்த எபிசோடில் என்ன நடக்கும், எதனால் நடக்கும் என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள், சரியாகச் சொன்னவளின் கொழுந்து மூட்டையையும் சேர்த்து நிறுக்கிற மடுவத்துக்குச் சுமக்க வேண்டும். நான் மூன்று முறை சுமந்திருக்கிறேன். நாகலெட்சுமி ஒரு முறையும் சுமந்ததில்லை.

ஒரு கதையில் பணக்கார அம்மா ஒருத்தி, மகன் விரும்புகிற பெண்ணின் முகத்தில் தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் அதுதான் பேச்சு.

"பணத் திமிருக்கா. வேற என்ன?" என்றாள் லோஜினி.

"அவ வாயப் பாக்காத புள்ள, கையப் பாரு. கிளாஸ கீழ வைக்கயில கை நடுங்குது. கோவத்துல ஊத்துறவளுக்குக் கை நடுங்காது. அவளுக்கு அந்தப் புள்ள யாருன்னு தெரியும். பயந்து போயி வெரட்டுறா" என்றாள் நாகலெட்சுமி.

"நரம்புத் தளர்ச்சியா இருக்கும்டி. எனக்குந்தான் நடுங்குது" என்றேன் நான்.

பதினாலாவது எபிசோடில் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா செத்ததே இந்த மகன் ஓட்டிய காரில் அடிபட்டுத்தான். அம்மாக்காரிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அன்றைக்கு நான் சுமந்த மூட்டையில் நாகலெட்சுமி கல்லை வைத்துக் கட்டியிருந்தாளோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

இப்படிப்பட்டவள் சொந்தப் புருஷன் விஷயத்தில் எப்படி ஏமாறப் பார்த்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் புருஷன் செல்லசாமி பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கொழும்புக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். மகள் ஷாமிலாவுக்கு அப்போது ஒன்பது வயது. முதல் தீபாவளிக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அங்கே ஒருத்தியோடு இருக்கிறான் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நாகலெட்சுமி அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளையை வளர்த்தாள். ஷாமிலா இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள்.

போன வருடம் ஆடி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றான். கையில் ஒரு பை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாகலெட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அவளிடமும் சொன்னேன், அவனுக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

எனக்குக் காரணம் தெளிவாக இருந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் புது வீட்டுக்கான பட்டியலில் நாகலெட்சுமியின் பெயர் வந்திருந்தது. ஏழு பேர்ச் அளவு காணி, தனி வீடு. பிறந்ததிலிருந்து ஒரே காம்பராவில் கிடந்தவளுக்கு அது சின்ன விஷயமா? புருஷன் இல்லாமல் இருக்கிறவள் என்று கிராம சேவகரிடம் கடிதமும் வாங்கி வைத்திருந்தாள். பத்தாம் தேதி ஆபீஸர் வந்து கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. புருஷன் கூட இருந்தால் இரண்டு பேர் பெயரும் தாளில் ஏறும்.

மறுநாள் மலையில் நாடகப் பேச்சே இல்லை. செல்லசாமி பேச்சுத்தான்.

"வீடு. வேற என்னடி? பேரு வந்து மூணு கெழம, பின்னாலயே ஆளு வந்துட்டான்" என்றேன்.

"வீரம்மாக்கா, அது மொத எபிசோட்டுலயே எல்லாருக்கும் தோணுற காரணம். எல்லாருக்கும் தோணுனா அது காரணமா இருக்காது. மொதல்ல சந்தேகப்படுற ஆளு என்னைக்காவது கடைசியில குத்தவாளியா வந்திருக்கானா?" என்றாள் நாகலெட்சுமி.

"இது செல்லசாமிடி! இவனுக்கு எவ ஒக்காந்து கத எழுதுறா?"

அப்போதுதான் லோஜினி மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், அழக் கூடாது. நேத்து அவரு தேத்தண்ணி குடிக்கயில அந்தப் பக்கம் திரும்பி இருமுனாரு. இருமிட்டு கர்ச்சீப்ப மடிச்சு வெரசா பைக்குள்ள வச்சாரு. நம்ம பாத்த கதையில அந்த டாக்டரு அப்பிடித்தான செஞ்சாரு? ரத்தம் வாரத யாருக்கும் காட்டாம?"

நாகலெட்சுமியின் கை நின்றுவிட்டது. கீழேயிருந்து கங்காணி, "ஏ நாகலெட்சுமி, தூங்குறியா?" என்று சத்தம் போட்டார். அவள் காதில் விழவில்லை.

"ஆமா புள்ள. நானும் பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். செல்லசாமி சாகப் போகிறவன் என்று நிரையில் முடிவாகிவிட்டது. அதை வெளியே சொல்லாமல், கல் மாதிரி நடித்துக்கொண்டு, கடைசி நாட்களைப் பெண்டாட்டியோடு கழிக்க வந்திருக்கிறானாம். அவனாகச் சொல்லும்வரை யாரும் கேட்கக் கூடாது என்றும் பேசி முடித்தார்கள். நாடகத்தில் கேட்டால்தானே அந்த ஆள் ஊரைவிட்டு ஓடுவான்!

அன்று சாயங்காலமே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து ஈரல் கறி வந்தது. லோஜினி தன் கோழி போட்ட முட்டையைத் தினம் அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைவீதியில் கடை வைத்திருக்கும் பக்கீர் நானாகூட, "மனுசன் பாவம்" என்று கொத்தமல்லிப் பாக்கெட் ஒன்று கொடுத்தனுப்பினார். செல்லசாமி எல்லாவற்றையும் தின்றான். ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளில் கன்னத்தில் சதை போட்டுவிட்டது. சாகப் போகிறவனுக்கு முகம் ஊதும் என்று அதற்கும் லோஜினி ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஏழாம் தேதி மலையில் நாகலெட்சுமி என்னிடம் சொன்னாள். "அக்கா, அந்தத் தாள்ல அவரு பேரையும் போடலாம்னு இருக்கேன். சாகுற மனுசன், நமக்குன்னு ஒரு வீடு இருந்துச்சுன்னு நெனச்சுட்டுப் போகட்டும்."

"ஷாமிலாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

அவள் ஒரு பிடி கொழுந்தைக் கூடைக்குள் போட்டாள். "அவரு பேரு ஏறுனா அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேங்குறா. அவளுக்கு வெவரம் தெரியாதுக்கா. வியாதின்னு சொன்னா, 'யாரு டாக்டரு, லோஜினியா?'ன்னு கேக்குறா."

அந்தப் பிள்ளைக்காவது மூளை இருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பெயர் ஒருமுறை தாளில் ஏறினால் பிறகு இறக்க முடியுமா? வளர்த்த பிள்ளை வெளியே, விட்டுப் போனவன் உள்ளே. இதற்கா இவள் இத்தனை வருடம் மலை ஏறினாள்?

"நாடகத்துல ஆளு வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா கத முடிஞ்சிரும். இவன் வாயத் தொறந்துதான ஈரல திங்குறான். கேளேன்டி!"

"கேட்டா பொய் சொல்லுவாருக்கா."

"நீ பேச்சக் கேக்க வேணாம், கையப் பாரு. கேக்குறத நான் கேக்குறேன்."

அன்று சாயங்காலம் போனேன். செல்லசாமி அடுப்படியில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி அடுப்புப் பக்கத்தில் இருந்தாள். லோஜினி கதவோரம் நின்று, கேட்காதீர்கள் என்று எனக்குக் கண்ணால் சாடை காட்டினாள்.

"செல்லசாமி, ஒனக்கு என்ன வியாதி?"

"வியாதியா? எனக்கா?"

"இருமுறியே."

"பீடிக்கா. விட முடியல."

"கர்ச்சீப்ப ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறியாம்?"

அவன் பைக்குள் கை விட்டு அதை எடுத்து நீட்டினான். "சளி சிந்துனத விரிச்சு வச்சுக் காட்டவா சொல்றீங்க? இந்தாங்க."

"சீ, உள்ள வை" என்றேன். லோஜினியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அப்ப எதுக்கு வந்த? வீட்டுக்கா?"

"எந்த வீட்டுக்கு?" என்றான். பிறகு, "ஓ, அந்தப் புது வீடா. இங்க வந்த பொறகுதான் காதுல விழுந்துச்சு. நல்லதுதான்" என்றான்.

நான் நாகலெட்சுமியைப் பார்த்தேன். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை நடுங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. முட்டையைத்தான் உரித்துக்கொண்டிருந்தது.

"அவ தொரத்திட்டாக்கா. ஓட்டலயும் மூடிட்டாங்க. மருதானை ஸ்டேசன்ல ரெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். ரயிலு வந்துச்சு, ஏறுனேன். போக வேற எடம் இல்ல" என்றான்.

"ஷாமிலாவப் பாக்கணும்னு தோணுச்சா?" நாகலெட்சுமி கேட்டாள்.

அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். "அப்பிடியெல்லாம் ஒண்ணும் நெனைக்கல லெச்சுமி."

"இவ்வளவுதானா?" என்றாள் லோஜினி. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "பத்து நாளா என் கோழி போட்ட முட்ட பூராவும் குடுத்தேனே! நான் வீட்டுக்காரருக்குக்கூட குடுக்கலயே!"

"வியாதின்னு நெனச்சா குடுத்த? நம்ம லயத்து ஆளுங்க நல்ல மாதிரின்னுல்ல நான் நெனச்சேன்" என்றான் செல்லசாமி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகலெட்சுமி சிரிக்கவில்லை. அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துவிட்டு அவனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"போனப்ப? போயி வராம இருந்தீங்களே, அதுக்கு என்ன காரணம்? பஸ்ஸுல அடிபட்டுட்டீங்களோன்னு நெனச்சேன். புடிச்சு உள்ள வச்சுட்டாங்களோன்னு நெனச்சேன். நான் என்னமோ சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டீங்களோன்னு ஒரு வருசம் நெனச்சேன். ஒண்ணு சரியில்லன்னு பட்டா இன்னொண்ணு நெனப்பேன்."

"அதெல்லாம் இல்ல. அங்க வேல முடிஞ்சா ஊரச் சுத்தலாம், படம் பாக்கலாம். இங்க என்ன இருக்கு? இன்னைக்கு வரலாம், நாளைக்கு வரலாம்னு இருந்துச்சு. பொறகு தோணல."

அந்தப் பதினோரு வருடமும் அவள் எங்கள் ஒருத்தியிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. நாடகத்தில் வரும் ஆட்களைப் பற்றித்தான் பேசினாள்.

"சரி. சாப்பிடுங்க" என்றாள்.

அவனை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் கோபத்தோடு என் காம்பராவுக்கு வந்து கதவை அடைத்தேன். அன்று நான் நினைத்ததும் தப்புத்தான்.

பத்தாம் தேதி, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் மேசை போட்டு ஆபீஸர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதுப் பையன், நல்ல தமிழ் பேசினான். நாகலெட்சுமியின் முறை வந்ததும் தாளைப் பார்த்தான்.

"ஒங்க வீட்டுக்காரர் வந்துட்டதாச் சொல்றாங்களே அம்மா. அப்ப ரெண்டு பேரோட பேரும் போடலாம். அவரையும் கூப்பிடுங்க."

"வந்தாரு சார். நாளைக்குப் போறாரு. எங்க அண்ணன் சிவசாமிக்கு கொத்மலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் இருக்கு. காவலுக்கு ஆளு இல்லாமத் தேடிக்கிட்டு இருந்துச்சு. தங்குறதுக்கு அறை குடுக்கும், மூணு வேள சாப்பாடு குடுக்கும்."

"அப்ப இவரு ஒங்களோட இருக்க மாட்டாரா?"

"போக எடம் இல்லன்னுதான் சார் வந்தாரு. எடம் பாத்துக் குடுத்துட்டேன். அந்தக் கடுதாசியில உள்ளதே இருக்கட்டும்."

நான் பின்னால் வரிசையில் நின்றேன். அவளுடைய அண்ணனோடு எப்போது பேசினாள், செல்லசாமியிடம் எப்போது சொன்னாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. பையன் பேனாவைக் கொடுத்தான். அவள் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள், மெதுவாக.

மறுநாள் காலையில் பஸ் நிற்கும் இடம்வரை அவளே கூட்டிக்கொண்டு போனாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழி அது, நானும் கூட நடந்தேன். கையில் சோற்றுப் பார்சல் கொடுத்தாள். அவனுக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கொத்மலையில் குளிர் குறைவு என்று சந்தோஷமாகத்தான் இருந்தான். பஸ் வரும்போது மட்டும் கேட்டான்:

"தீபாவளிக்கு வரலாமா லெச்சுமி?"

"ஷாமிலாகிட்டக் கேளுங்க. நம்பர் எழுதி பார்சலுக்குள்ள வச்சிருக்கேன்."

அவன் கூப்பிட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஷாமிலாதான் வந்தாள். காணியில் முளைக்கம்பு அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அம்மாவும் மகளும் அதற்குள் நின்றுகொண்டு அடுப்படி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சண்டை போட்டார்கள். கிழக்குப் பக்கம் என்றாள் நாகலெட்சுமி. அந்தப் பக்கம் மழை அடிக்கும் என்றாள் ஷாமிலா. நான் யாருக்கும் பரிந்து பேசவில்லை. குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று பார்த்தேன். கடைசியில் மகள் சொன்ன பக்கம்தான் முடிவாயிற்று.